ஆறுக்கு நாலு போட்டால் ஏன் இரண்டாகப் பிரிகிறது?

எங்கள் சொந்தபந்தத்தில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. நல்ல கை உள்ள பிள்ளை, பாவம், ஆபீசில் உட்கார்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறது என்று. கிள்ளானில் நடந்த ஒரு கல்யாணத்துக்கு மண்டப வாசலில் நான்தான் கோலம் போட்டேன். அதைப் பார்த்த என் சித்தப்பா, நாலு பேர் நிற்கும்போது அந்தப் பேச்சை இன்னும் கொஞ்சம் நீட்டினார். "இந்தப் பிள்ளை மட்டும் வேலைய விட்டுட்டு இதுலயே இறங்கியிருந்தா இந்நேரம் எங்கயோ போயிருக்கும்." அன்போடு சொன்னதுதான். என்மேல் அவருக்கு இருக்கிற பெருமையும் அதில் தெரிந்தது. ஆனால் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும்போதும், ராத்திரி கோலாலம்பூரில் நான் இருக்கிற செந்தூலுக்குத் திரும்பி வரும்போதும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் சொன்னது உண்மையாக இருந்துவிடுமோ என்ற பயமா, இல்லை, அது உண்மையில்லை என்று உள்ளே தெரிந்தும் எடுத்துச் சொல்ல வார்த்தை வராத தவிப்பா என்று ரொம்ப நாள் எனக்கே விளங்கவில்லை. இப்போது கொஞ்சம் விளங்கியிருக்கிறது. அதைத்தான் எழுதிப் பார்க்கிறேன்.

சித்தப்பா மட்டும் அப்படி நினைக்கவில்லை. என்னைச் சுற்றி இருக்கிற எல்லாருமே ஏறக்குறைய அப்படித்தான் பேசுகிறோம். நன்றாகப் பாடுகிற ஒரு தோழி, பிள்ளைகள் பெரிசாகட்டும், அப்புறம் பாடுகிறேன் என்கிறாள். மின்னல் பண்பலைக்கு ஒரு காலத்தில் கவிதை எழுதி அனுப்பிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர், வேலை ஓய்வு வரட்டும் என்று காத்திருக்கிறார். இன்னொரு கூட்டம் இதற்கு நேர் எதிர்ப்பக்கம் நிற்கிறது. யாராவது ஒரு கேக் செய்தாலோ, ஒரு ரவிக்கை தைத்தாலோ, உடனே "இதை வச்சு சம்பாதிக்கலாமே" என்று சொல்லிவிடுவார்கள். பார்ப்பதற்கு இரண்டும் வேறு வேறு ஆலோசனை. ஆனால் அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான்: சம்பளத்துக்குச் செய்கிற வேலை ஒரு செத்த நேரம், உயிருள்ளதெல்லாம் அதற்கு வெளியே இருக்கிறது, ஒன்று வெளியே போகக் காத்திரு, இல்லையென்றால் சீக்கிரம் வெளியே ஓடு. எனக்கு இந்த எண்ணத்தோடுதான் சண்டை.

நான் வேலை பார்ப்பது கேஎல் சென்ட்ரல் பக்கத்தில், ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தில். செந்தூலில் கொமுட்டர் ரயில் ஏறினால் புத்ரா, பேங்க் நெகாரா, கோலாலம்பூர், அடுத்தது கேஎல் சென்ட்ரல். இறங்கியதும் ஒரு கோப்பி, ஒரு நாசி லெமாக் பொட்டலம், அதற்கப்புறம் மாலை வரைக்கும் எண்கள்தான். கொள்கலன் வாடகை, சுங்க வரி, லோரிக்காரர்களுக்குத் தரவேண்டிய பாக்கி, மாதாமாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டவேண்டிய ஊழியர் சேமநிதி. மாதக் கடைசியில் கணக்கை மூடும்போது இரண்டு பக்கமும் ஒத்து வரவேண்டும், பெரும்பாலும் முதல் தடவையில் வராது. 27 வெள்ளி, அதாவது 27 ரிங்கிட், இடிக்கும். லட்சக்கணக்கான வெள்ளி புழங்குகிற கணக்கில் 27 வெள்ளிதானே என்று விட முடியாது, ஏனென்றால் அந்த 27 வெள்ளிக்குப் பின்னால் என்ன ஒளிந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் தலைமைக் கணக்கராக ஒரு சீனப் பெரியவர் இருந்தார். கணக்கு இடித்தால் முதலில் வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பார் என்று அவர்தான் சொல்லிக் கொடுத்தார். மீதியில்லாமல் வகுபட்டால், யாரோ இலக்கத்தை இடம் மாற்றித் தட்டியிருக்கிறார்களா என்று தேடு. 63 வெள்ளியை 36 என்று தட்டினால் வித்தியாசம் 27. 540-ஐ 450 என்று தட்டினால் 90. 9-ஆல் வகுபடவில்லையா, இரண்டால் வகுத்துப் பார், அந்தப் பாதித் தொகை பற்றில் இருக்க வேண்டியது வரவில் போய் உட்கார்ந்திருக்கலாம். சரி, ஏன் ஒன்பது என்று கேட்டேன். நீயே கண்டுபிடி என்று மலாயில் சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். அன்று மத்தியானம் முழுக்க விலைச்சீட்டுகளைத் தட்டிக்கொண்டே அதை யோசித்தேன். பத்தின் இடத்தில் இருந்த இலக்கம் ஒன்றின் இடத்துக்கு வந்தால் அந்த இலக்கத்தைப்போல் ஒன்பது மடங்கு குறைகிறது, ஒன்றின் இடத்தில் இருந்தது பத்துக்குப் போனால் ஒன்பது மடங்கு கூடுகிறது, ஆக எப்படி மாற்றினாலும் நடுவில் ஒன்பதுதான் நிற்கும். அது பிடிபட்ட நிமிடம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒரு கோலம் சரியாக மூடி முடியும்போது வருகிற அதே சந்தோஷம். ஆனால் அப்போது இரண்டும் ஒன்று என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றுவதற்கு ஒரு ராத்திரி தேவைப்பட்டது.

கண் விழித்துச் செய்த வேலை

தீபாவளி நெருங்கினால் பேரங்காடிகளின் நடுக்கூடத்தில் வருகிற பெரிய அரிசிக் கோலங்களைப் பார்க்காதவர்கள் இந்த ஊரில் இருக்க மாட்டார்கள். அவற்றைப் போடுகிற குழுக்களில் ஒன்றில் நானும் சில வருடங்கள் போய்க் கை கொடுத்திருக்கிறேன். ராத்திரி பத்து மணிக்குக் கடைகள் மூடியதும் உள்ளே விடுவார்கள், காலையில் திறப்பதற்குள் முடித்துவிட்டு வெளியேற வேண்டும். சாயம் போட்டுக் காயவைத்த அரிசி மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அந்த வருடம் வடிவம் எங்களுடையது இல்லை. ஏற்பாட்டு நிறுவனம் ஒன்று கணினியில் மயிலும் தாமரையும் வரைந்து, பேரங்காடியிடம் அனுமதி வாங்கி, அதைப் பெரிய விரிப்பில் அச்சடித்தே கொண்டுவந்திருந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு நிறம். நாங்கள் செய்ய வேண்டியது நிரப்புவது மட்டும். மயிலின் கழுத்தில் பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவே கொஞ்சம் கலந்து விடலாமா என்று எங்களில் ஒரு தம்பி கேட்டான். கூடாது, படத்தில் உள்ளபடி வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். குழுவில் பாதிப் பேருக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்கும்தான். இதற்கு எதற்குக் கோலம் தெரிந்த ஆட்கள் என்று நானும் முணுமுணுத்துக்கொண்டே முழங்கால் வலியோடு அரிசியைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

எங்கள் குழுவில் ஒரு பெரியம்மா உண்டு. கோலா சிலாங்கூர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, பால்மரம் வெட்டி, தோட்டம் கைமாறிய பிறகு பிள்ளைகளோடு ரவாங்குக்கு வந்தவர். எங்களுக்கெல்லாம் முகம் விழுந்திருந்த அந்த நேரத்தில் அவர் மட்டும் எதையோ கூர்ந்து கேட்கிறவர் மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு, கை பாட்டுக்கு வேலை செய்ய, நல்ல தெளிவோடு இருந்தார். மூன்று மணி வாக்கில் ஓய்வு கொடுத்தார்கள். தண்ணீர் பிடிக்கப் போன நான், சரக்கு லிஃப்ட் பக்கத்து நடையில் அவர் தரையில் குந்தியிருப்பதைப் பார்த்தேன். ஓரக்கோடு போட வைத்திருந்த வெள்ளை மாவில் கொஞ்சம் எடுத்து வந்து புள்ளி வைத்திருந்தார். ஆறு புள்ளி நீளம், நாலு புள்ளி அகலம், நேர்ப்புள்ளி. அதைச் சுற்றிச் சிக்குக் கோலம். எந்த அலங்காரமும் இல்லை, புள்ளிக்குப் புள்ளி நடுவே குறுக்காகப் போய், ஓரத்தில் வளைந்து திரும்பி வருகிற வெறும் கம்பி.

"என்னா பெரியம்மா செய்றீங்க?"

"இரு லா, பேசாத. தப்பிடும்."

காத்திருந்தேன். கம்பி சுற்றிச் சுற்றி வந்து தொடங்கின இடத்திலேயே சேர்ந்துவிட்டது. ஆனால் பாதிப் புள்ளிகளைச் சுற்றி இன்னும் கோடு மூடவில்லை. பெரியம்மா பெருமூச்சு விட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னார். அஞ்சுக்கு நாலு போட்டால் ஒத்தைக் கம்பியில் எல்லாப் புள்ளியையும் சுற்றிவிடலாம். ஆறுக்கு நாலு போட்டால் ரெண்டு கம்பியாகப் பிரிந்துவிடுகிறது. நாலுக்கு நாலு போட்டால் நாலாகவே பிரிந்துவிடுகிறது. சின்ன வயதிலிருந்து கைக்குத் தெரியும், ஆனால் ஏன் என்று தெரியாது. "மயிலுக்கு அரிசி போடும்போது முழுக்க இதே நினைப்புதான். எங்கயாச்சும் திருப்பினா ஒண்ணாயிடுமான்னு மனசுக்குள்ளயே போட்டுப் பார்த்துக்கிட்டிருந்தேன்." சொல்லிவிட்டு, இரண்டு கம்பியும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகிற ஓர் இடத்தைக் கட்டை விரலால் துடைத்தார். அங்கே கோடுகள் குறுக்கே போகாமல் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுங்கித் திரும்புகிற மாதிரி மாற்றிப் போட்டார். இரண்டு கம்பியும் ஒன்றாகிவிட்டது. நான் விரலை வைத்துப் பின்னாலேயே போய்ச் சரிபார்த்தேன். ஒரே கம்பிதான். பெரியம்மாவின் முகத்தில் அப்போது வந்த சிரிப்பை நான் அந்தப் பேரங்காடியின் எந்த விளம்பரத்திலும் பார்த்ததில்லை. அப்புறம் எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, மயிலின் வாலுக்கு எந்த எண் பாக்கி என்று கேட்டுக்கொண்டே போய்விட்டார்.

நாங்கள் எல்லாரும் அன்று செய்தது ஒரே வேலை. ஒரே வடிவம், ஒரே கூலி, ஒரே முழங்கால் வலி. வடிவம் எங்கள் கையில் இல்லை என்பதால் எங்களுக்கு அந்த ராத்திரி வறண்டு போனது. அவருக்கும் அது கையில் இல்லைதான், ஆனால் அவர் வீட்டிலிருந்து வரும்போதே தன்னுடையது என்று ஒரு கேள்வியைக் கொண்டுவந்திருந்தார். வேலை அந்தக் கேள்வியை நசுக்கவில்லை. கை பழகிய வேலையில் ஓடிக்கொண்டிருந்ததால், மனசுக்கு அதை உருட்டிப் பார்க்க அத்தனை மணி நேரம் கிடைத்தது என்றுகூடச் சொல்வேன்.

கொமுட்டரில் போட்ட அட்டவணை

அந்தக் கேள்வி என்னையும் தொற்றிக்கொண்டது. மறுநாளிலிருந்து ரயிலில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில் புள்ளி வைக்க ஆரம்பித்தேன். கணக்கெழுதுகிறவளுக்கு அட்டவணைதானே முதலில் கைக்கு வரும்? ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் அகலம், நடுவில் எத்தனை கம்பி. 2-க்கு 2 போட்டால் இரண்டு. 2-க்கு 3 ஒன்று. 3-க்கு 3 மூன்று. 3-க்கு 4 ஒன்று. ஒற்றைப்படையும் இரட்டைப்படையும் சேர்ந்தால் ஒரே கம்பி வரும்போலிருக்கிறது என்று நினைத்தேன், 3-க்கு 6 போட்டதும் அது உடைந்தது. மூன்று கம்பி வந்தது. நாலைந்து நாள் அதோடு நின்றேன். பேங்க் நெகாரா நிலையத்தில் ரயில் நின்றுகொண்டிருந்தபோது, அட்டவணையின் எண்களை நேற்று ஒரு வங்கிக் கணக்கைப் பார்த்த அதே கண்ணோடு பார்த்தேன். இரண்டு எண்ணையும் மீதியில்லாமல் வகுக்கிற பெரிய எண் எதுவோ, அத்தனை கம்பி. 6-ஐயும் 4-ஐயும் வகுப்பது 2, ஆக இரண்டு கம்பி. 5-க்கும் 4-க்கும் 1-ஐத் தவிர எதுவும் பொதுவில்லை, ஆக ஒத்தைக் கம்பி. பள்ளிக்கூடத்தில் படித்த மீப்பெரு பொது வகுத்திதான் அது. பெரியம்மாவின் கை அத்தனை வருடமாக அதைத் தெரிந்து வைத்திருந்தது. இறங்க வேண்டிய இடத்தில் இறங்கி, கூட்டத்தில் ஓரமாக நின்று அவருக்குப் போன் செய்தேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "அப்போ ஒம்பதுக்கு ஆறு போட்டா மூணா?" என்று கேட்டார். மூணுதான்.

பிறகு தேடிப் பார்த்ததில் இது கணித அறிஞர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம் என்று தெரிந்தது. அங்கோலாவில் சோக்குவே மக்கள் மணலில் புள்ளி வைத்து அதைச் சுற்றி ஒரே கோடாகப் போடுகிற சோனா என்ற வரைபடங்களை மொசாம்பிக்கில் பாவுலுஸ் ஜெர்டஸ் என்பவர் ஆராய்ந்திருக்கிறார், அங்கேயும் இதே விதிதான். நம் பக்கம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணியும் ரானி சிரோமணியும் கமலா கிரித்திவாசனோடு சேர்ந்து, ஒரு மொழிக்கு இலக்கணம் எழுதுகிற மாதிரி கோலத்துக்கும் விதிகள் எழுதலாம் என்று 1974-லேயே காட்டியிருக்கிறார்கள். முன்பே தெரிந்ததைத்தான் நான் மறுபடி கண்டேன் என்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்த நிலையத்தில், அந்த நிமிடத்தில், அது என்னுடையதாக இருந்தது. இதைத் தேடும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது, அது என் சித்தப்பாவுக்கு. நாங்கள் இன்றும் எழுதுகிற இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை முதலில் அச்சில் விளக்கி வைத்தவர் லூக்கா பாச்சோலி என்ற இத்தாலியத் துறவி, 1494-இல், வெனிஸில். அதே மனிதர் வடிவங்களின் விகிதங்களைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார், 1509-இல் அச்சான அந்த நூலுக்குப் படம் வரைந்து கொடுத்தவர் லியொனார்டோ டா வின்சி. கணக்கும் வடிவமும் ஒரே மண்டைக்குள் ஒன்றாகக் குடியிருந்திருக்கின்றன. அவரைப் பார்த்து யாரும் பாவம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

வேலையும் அதனால் எனக்குக் கொஞ்சம் மாறிப்போனது. மாறிப்போனது என்றால், விலைச்சீட்டு விலைச்சீட்டாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்பு ஒரு நாளை நான் அளந்த விதம் வேறு: எத்தனை மணிக்கு முடியும், அப்புறம் எனக்கென்று எவ்வளவு மிஞ்சும். இப்போது, இன்று தலைக்குள் என்ன கேள்வி இருக்கிறது என்று பார்க்கிறேன். அது கோலமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. 2015 ஏப்ரலில் பொருள் சேவை வரியான ஜிஎஸ்டி வந்து, 2018 செப்டம்பரில் மறுபடி விற்பனை, சேவை வரியான எஸ்எஸ்டிக்குத் திரும்பியபோது கணக்குப் பிரிவில் இருந்தவர்கள் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். அந்த நாட்களில் பழைய வரியும் புதிய வரியும் கலந்துபோகாமல் ஒரே பார்வையில் பிரித்துக் காட்டுகிற ஒரு தாளை நானே வடிவமைத்தேன், எங்கள் பிரிவில் இன்னமும் அதன் ஒரு வடிவத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதைச் செய்தபோது இருந்த வேகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, பசியாறக்கூட எழுந்து போகவில்லை. அதை நான் ஒருநாளும் படைப்பு என்று எண்ணியதில்லை, ஏனென்றால் அதில் நிறம் இல்லை, யாரும் படம் எடுக்கவில்லை. இப்போது அப்படி எண்ணுகிறேன். நேரம் குறைவு, விதிகள் அதிகம், கட்டங்களின் அளவு மாற்ற முடியாதது. புள்ளிகளை யாரோ வைத்துவிட்டார்கள், கம்பியை எப்படிக் கொண்டுபோவது என்பது மட்டும் என் கையில் இருந்தது, அது போதுமாக இருந்தது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். இதை முதலாளிகள் எடுத்துச் சுவரில் ஒட்டக்கூடாது. வேலையிலேயே மகிழ்ச்சி காணுங்கள் என்று சொல்லி ஆளைக் குறைப்பதும் மிகை நேரச் சம்பளத்தைக் கொடுக்காமல் விடுவதும் நடக்கிற ஊர் இது. உடம்பு களைத்துப்போனால் எந்தக் கேள்வியும் தலையில் நிற்காது. அப்பா மருத்துவமனையில் இருந்த மாதங்களில் எனக்கு ஒரு புள்ளிகூட மனசில் வரவில்லை, வந்திருக்கவும் முடியாது. பெரியம்மாவுக்குக்கூட, விடிவதற்கு முன்னால் எழுந்து நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்து வீடு வந்த வயதில் இதற்கெல்லாம் இடமிருந்ததா என்று ஒருமுறை கேட்டேன். சில நாள் இருந்தது, பல நாள் இல்லை என்றார். மழை பெய்தால் அன்று வெட்டு கிடையாது, கூலியும் கிடையாது, அந்தக் கவலையில் கோலம் எங்கே வரும்? ஆகவே நல்ல கூலியும் தூக்கமும் முதலில். அதெல்லாம் இருந்தும் வாழ்க்கை வறண்டு கிடக்கிறதே என்று தவிக்கிறவர்களிடம்தான் நான் பேசுகிறேன், நானும் அவர்களில் ஒருத்தியாக இருந்திருக்கிறேன்.

அவர்களிடம் என்ன சொல்வேன்? பாடுகிற தோழியிடம் சொல்லிப் பார்த்தேன். மேடை வேண்டாம், ஒரு மணி நேரச் சாதகம்கூட வேண்டாம், உனக்குப் பிடிபடாத ஒரே ஒரு சங்கதியை எடுத்துக்கொள், அதைத் தலையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போ என்றேன். முதலில் அதெல்லாம் ஒரு பாட்டா என்றாள். இப்போது மோட்டாரில் போகும்போது தலைக்கவசத்துக்குள் முனகிக்கொண்டு போகிறாளாம், சாலை விளக்கில் நிற்கும்போது பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்களாம். வேலை ஓய்வுக்குக் காத்திருக்கிற அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. அவருக்கு இரண்டு வரி போதும், மூன்றாவது வரி வராத ஒரு கவிதையை யாராவது கொடுத்தால் போதும் என்று தோன்றுகிறது.

இந்தத் தீபாவளிக்கு எங்கள் அலுவலக வரவேற்பறையில் நான்தான் கோலம் போடுகிறேன். மயிலும் வேண்டாம், விளக்கும் வேண்டாம், சிக்குக் கோலம்தான் என்று சொல்லிவிட்டேன், ஒத்துக்கொண்டார்கள். இடத்தை அளந்ததில் 9-க்கு 6 சரியாக உட்காருகிறது, ஆக மூன்று கம்பி. என்னோடு கணக்குப் பிரிவில் இருக்கிற மலாய்த் தோழி, மூன்றையும் மூன்று நிறத்தில் போட்டால் எது எங்கே போகிறது என்று பிள்ளைகள்கூட விரலை வைத்துத் தொடர்ந்து போகலாம் என்கிறாள். ஏற்றுமதிப் பிரிவில் இருக்கிற சீன அக்கா, இல்லை, ஒரே கம்பியாக முடிந்தால்தான் மனசுக்கு நிறைவாக இருக்கும் என்கிறார். இரண்டு பேரும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் நோட்டுப் புத்தகத்தைப் பிடுங்கி வரைந்து பார்க்கிறார்கள். மூன்று நிறம் என்றால் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவுக்குப் போய்க் கலர் மாவு வாங்கினால் வேலை முடிந்தது. ஒரே கம்பி என்றால் இரண்டு சந்திப்புகளைத் திருப்ப வேண்டும், எந்த இரண்டு என்பதுதான் விஷயம். எதிரெதிராக வைத்தால் பார்வைக்கு ஒத்து வரும், ஆனால் ஒரு திருப்பம் சேர்த்து வைத்ததை அடுத்தது பிரித்துவிடவும் கூடும். நாளைக் காலை ரயிலில் போட்டுப் பார்த்துவிட்டுப் பெரியம்மாவிடம் கேட்கிறேன்.